ஹைக்கூவில் இறக்கிய ஜிப் ஃபைல் ஒரு நேரம் திறக்கிறது, ஒரு நேரம் திறக்கவில்லையா? வகையைச் சரிசெய்யும் வழி

ஹைக்கூ இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். "ரெண்டு ஃபைலும் ஜிப்தான். ரெண்டு பெயரும் ஜிப் என்றுதான் முடிகிறது. ஒன்றை டபுள் கிளிக் பண்ணினால், ஜிப்பைப் பிரிக்கும் எக்ஸ்பாண்டர் புரோகிராம் திறக்கிறது. இன்னொன்றை எந்த புரோகிராமில் திறப்பது என்று என்னையே கேட்கிறது. ஃபைல் கெட்டுப்போச்சா?"

பெரும்பாலும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பழைய திங்க்பேடில் ஹைக்கூவை மட்டும் போட்டு நாள் முழுக்க அதில்தான் வேலை செய்கிறேன். தமிழ் எழுத்துருக்கள், ஹைக்கூவின் முன்னோடியான பீஓஎஸ் இயங்குதளத்தின் காலத்துப் பழைய புரோகிராம்கள் என்று நான் இறக்குவதில் முக்கால்வாசி ஜிப்பாகவும் டார்-ஜிஇசட்டாகவும்தான் வரும். அதனால் இந்தச் சிக்கலின் எல்லா முகத்தையும் பார்த்தாயிற்று. சரிசெய்வது எளிது. ஆனால் எங்கே கை வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும். சில இடங்களில் தவறான கட்டளை கொடுத்தால் நல்ல ஃபைல்களின் அடையாளமும் போய்விடும்.

இங்கே சொல்வது 2024 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பீட்டாவை வைத்து. கட்டளைப் பெயர்களையும் மெனுப் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து என்று நான் தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

வகை எங்கே இருக்கிறது

விண்டோஸில் ஒரு ஃபைல் எப்படிப்பட்டது என்பதைப் பெயரின் வால்தான் சொல்கிறது. புள்ளி ஜிப் என்று முடிந்தால் ஜிப். வாலை வெட்டினால் விண்டோஸுக்கு அது என்னவென்றே தெரியாது. ஹைக்கூவில் அப்படியில்லை. இங்கே ஒவ்வொரு ஃபைலோடும் பண்புகள், அதாவது ஆட்ரிபியூட்கள், ஒட்டிக்கொண்டிருக்கும். மூட்டையில் கட்டிவிட்ட அட்டை மாதிரி. அந்தப் பண்புகளில் ஒன்றின் பெயர் பீஓஎஸ்:டைப், முழுக்கப் பெரிய எழுத்தில். ஃபைலின் மைம் வகை, அதாவது அது எப்படிப்பட்ட ஃபைல் என்று சொல்லும் பெயர், அதில்தான் எழுதியிருக்கும். ஹைக்கூவில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் புரோகிராமான டிராக்கர், எந்த ஐகானைக் காட்டுவது, டபுள் கிளிக்குக்கு எந்த புரோகிராமை எழுப்புவது என்று முடிவெடுப்பது அதைப் படித்துத்தான். வால் அங்கே இரண்டாம் பட்சம்.

இது பீஓஎஸ்ஸிலிருந்து வந்த ஏற்பாடு. டொமினிக் ஜியாம்பவோலோவும் சிரில் மெரில்லனும் எழுதிய பீ ஃபைல் சிஸ்டத்தில் பண்புகளைச் சேமிப்பதும் அவற்றை வைத்துத் தேடுவதும் அடித்தளத்திலேயே இருந்தன. 2001-இல் பீஓஎஸ்ஸை உருவாக்கிய பீ நிறுவனத்தின் சொத்துகள் பாம் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அதே ஆண்டு ஓபன்பீஓஎஸ் என்ற பெயரில் தொடங்கிய திட்டம்தான் 2004-இல் ஹைக்கூ ஆனது. அந்த ஃபைல் சிஸ்டத்தையும் பண்புகளையும் ஹைக்கூ அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் இதில் தங்கியிருப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தப் பண்பில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது?

யார் எழுதுகிறார்கள்

இறக்கிய ஃபைலின் வகையை இரண்டு பேரில் ஒருவர் எழுதுகிறார். ஒன்று, பிரவுசர். வெப்பாசிட்டிவ் ஹைக்கூவுக்கென்றே எழுதிய பிரவுசர் என்பதால் பண்புகளைப் பற்றி அதற்குத் தெரியும். ஃபைலை அனுப்பும்போது 'இது இந்த வகை' என்று சர்வர் சொல்லும் பெயர் அப்படியே பண்பில் ஏறிவிடலாம். ஃபைல் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதையும் மெட்டா:யூஆர்எல் என்ற இன்னொரு பண்பில் எழுதி வைக்கும். இதில் மெட்டா மட்டும் பெரிய எழுத்து. அது பின்னால் நமக்கு உதவும்.

இரண்டாவது, கணினியே. கர்ல், டபிள்யூகெட் மாதிரி ஃபைல் இறக்கும் டெர்மினல் கருவிகளுக்குப் பண்பு பற்றி எந்தக் கவலையும் கிடையாது. வகை எழுதாத ஃபைலை டிராக்கர் கண்டால் உள்ளே கொஞ்சம் படித்துப் பார்த்து, முதல் சில பைட்டுகள் எந்த வகையோடு பொருந்துகின்றன என்று தேடும். அப்படியும் பிடிபடவில்லை என்றால்தான் வாலைப் பார்க்கும். கிடைத்த விடையைப் பண்பில் எழுதிவிடும்.

முக்கியமான விஷயம், ஏற்கெனவே திட்டவட்டமாக ஒரு வகை எழுதியிருந்தால் டிராக்கர் மறுபடி உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. முதலில் எழுதியவர் சொன்னதுதான் சட்டம். ஒரே ஃபைல் வெப்பாசிட்டிவ் வழியாக வந்தால் ஒரு வகை, டபிள்யூகெட் வழியாக வந்தால் இன்னொரு வகை என்று ஆவது இதனால்தான்.

சர்வர்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கின்றன

ஜிப்புக்கு முறைப்படி பதிவான பெயர் அப்ளிகேஷன்/ஜிப். ஆனால் விண்டோஸ் உலகத்தில் அப்ளிகேஷன்/எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்ட் என்ற பெயர் ரொம்ப காலமாகப் புழங்குகிறது. யாரோ ஒருவர் விண்டோஸ் பிரவுசரிலிருந்து ஒரு ஜிப்பை ஒரு தளத்தில் ஏற்றுகிறார். பிரவுசர் இந்த இரண்டாவது பெயரைச் சொல்லி அனுப்புகிறது. தளம் அதை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, இறக்குகிற எல்லோருக்கும் அதையே திருப்பிச் சொல்கிறது. அடுத்த வாரம் அதே ஆள் மேக்கிலிருந்து புதிய பதிப்பை ஏற்றினால் அப்ளிகேஷன்/ஜிப் என்று வரும். ஒரே தளம், ஒரே ஆள், ஒரே புரோகிராமின் இரண்டு பதிப்புகள், ஆனால் வகை மட்டும் வேறு வேறு.

ஜிஇசட்டுக்கும் இதே கதைதான். 2012 வரை அதற்கு முறையான பதிவு இல்லாததால் எல்லோரும் அப்ளிகேஷன்/எக்ஸ்-ஜிஜிப் என்று நடுவில் ஓர் எக்ஸ் போட்டு எழுதினார்கள். அந்த ஆண்டு எக்ஸ் இல்லாத பெயர் பதிவானது. பழைய சர்வர்கள் பழைய பெயரையும் புதியவை புதிய பெயரையும் சொல்கின்றன.

அப்புறம் அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம். 'ஏதோ பைட்டுகள், எனக்குத் தெரியாது' என்பதுதான் அதன் பொருள். பார்க்க இதுதான் மோசமானது போலத் தோன்றும். ஹைக்கூவில் நேர்மாறு. வகை இப்படிப் பொதுவாக இருந்தால், திறக்கும் நேரத்தில் டிராக்கர் பெரும்பாலும் தானே இன்னொரு முறை உள்ளே பார்த்துச் சரிசெய்துவிடும். எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்ட் மாதிரி திட்டவட்டமான ஒரு பெயர் இருந்தால் அதை நம்பிவிடும். அந்தப் பெயருக்கு எந்த புரோகிராமும் ஒதுக்கப்படவில்லை என்றால் உங்களைக் கேட்கும். உறுதியாகச் சொன்ன அந்நியப் பெயர்தான் நமக்குத் தொல்லை.

முதலில் பார்க்க வேண்டியது

இறக்கிய ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பட்டியல் தோற்றத்துக்கு மாற்றுங்கள். மேலே ஆட்ரிபியூட்ஸ் மெனுவில் கைண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வகைக்கென்று ஒரு நெடுவரிசை வரும். அதன் தலைப்பைக் கிளிக் செய்தால் வகைவாரியாக அடுக்கிக்கொள்ளும். ஜிப் என்று முடியும் ஃபைல்கள் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்பது அப்போதே கண்ணில் படும்.

ஒரு ஃபைலைத் துல்லியமாகப் பார்க்க, டெர்மினலில் லிஸ்ட்ஆட்டர் என்று அடித்து இடைவெளி விட்டு, ஃபைலை டிராக்கரிலிருந்து அப்படியே டெர்மினல் விண்டோவுக்குள் இழுத்துப் போடுங்கள். பாதை தானாக வந்து விழும். என்டர் தட்டினால் அந்த ஃபைலில் இருக்கும் பண்புகளின் பெயரும் அளவும் வரும். பீஓஎஸ்:டைப் என்பதன் மதிப்பு வேண்டுமென்றால் கேட்ஆட்டர், பண்பின் பெயர், ஃபைல் என்ற வரிசையில் கொடுங்கள். மெட்டா:யூஆர்எல்லையும் இதே முறையில் படிக்கலாம்.

இப்போது ஃபைல் உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும். பலரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டாதீர்கள். அப்ளிகேஷன்ஸ் மெனுவில் டிஸ்க்ப்ரோப் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஃபைலைத் திறந்தால் இடப்பக்கம் எண்களும் வலப்பக்கம் எழுத்துகளுமாக உள்ளடக்கம் தெரியும். முதல் வரி போதும்.

ஜிப் என்றால் முதல் இரண்டு எழுத்து பி, கே. ஜிப் வடிவத்தை 1989-இல் உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயரெழுத்துகள் அவை. அடுத்த இரண்டு பைட்டுகள் 03, 04. ஜிஇசட் என்றால் படிக்கும்படி எழுத்து எதுவும் இருக்காது, எண் பக்கத்தில் 1எஃப் 8பி என்று தொடங்கும். பிஇசட்2 என்றால் பி, இசட், எச் என்று மூன்று எழுத்து தெரியும். எக்ஸ்இசட் என்றால் இரண்டாவது பைட்டிலிருந்து 7இசட்எக்ஸ்இசட் என்று படிக்கலாம். 7இசட் என்றால் தொடக்கத்திலேயே 7, இசட். ரார் என்றால் அந்தப் பெயரே ஆச்சரியக்குறியோடு இருக்கும். வெறும் டார் மட்டும் கொஞ்சம் வேறு. தொடக்கத்தில் உள்ளே இருக்கும் முதல் ஃபைலின் பெயர் வரும், யூஸ்டார் என்ற சொல் 257-ஆம் பைட்டில் கிடக்கும்.

கோணக்குறியோடு டாக்டைப் என்றோ எச்டிஎம்எல் என்றோ தொடங்கினால் நின்றுவிடுங்கள். அது ஜிப்பே இல்லை. லாகின் பக்கமோ, 'ஃபைல் இல்லை' என்ற பக்கமோ ஜிப் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பண்பில் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று எழுதியிருந்தால் இந்த இடத்தில் பண்பு சொல்வதுதான் சரி, வால்தான் தவறு. இதை ஜிப் என்று மாற்றினால் எக்ஸ்பாண்டர் திறக்க முயன்று பிழை சொல்லும், நீங்கள் எக்ஸ்பாண்டரைக் குறை சொல்வீர்கள். மெட்டா:யூஆர்எல்லைப் படித்து, அந்த முகவரியைப் பிரவுசரில் திறந்து, முறையாக உள்நுழைந்து மறுபடி இறக்குங்கள்.

ஒரு ஃபைலைச் சரிசெய்ய

உடனே பிரித்தால் போதும், வகை எப்படியோ போகட்டும் என்றால் ஃபைலை எக்ஸ்பாண்டர் மேல் இழுத்துப் போடுங்கள். எக்ஸ்பாண்டர் வகையையும் பார்க்கும், வாலையும் பார்க்கும். இரண்டில் ஒன்று பொருந்தினால் வேலை நடக்கும். வகை தவறாக இருந்தாலும் பெயர் ஜிப் என்று முடிந்தால் பிரித்துவிடும்.

வகையையே திருத்த வேண்டுமென்றால் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து, ஆட்-ஆன்ஸ் மெனுவில் ஃபைல்டைப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சின்ன விண்டோ ஒன்று வரும். மேல் பெட்டியில் இப்போதைய மைம் வகை இருக்கும். அதை அழித்துச் சரியான பெயரை அடிக்கலாம். செலக்ட் பொத்தானை அழுத்திப் பட்டியலிலிருந்தும் எடுக்கலாம். எனக்குப் பிடித்தது அதன் பக்கத்தில் இருக்கும் சேம் ஆஸ். அதை அழுத்தி, ஒழுங்காகத் திறக்கும் இன்னொரு ஜிப்பைக் காட்டினால் அதன் வகையை இதற்கும் எடுத்துக்கொள்ளும். எதையும் அடிக்கத் தேவையில்லை, எழுத்துப்பிழைக்கு வழியே இல்லை. விண்டோவை மூடி, ஃபோல்டரைப் பாருங்கள். ஐகான் மாறியிருக்கும்.

மொத்தமாகச் சரிசெய்ய: மைம்செட்

ஃபைல் நிறைய இருந்தால் டெர்மினலில் மைம்செட் கட்டளை. மைம், செட் இரண்டையும் சேர்த்து அடியுங்கள். இந்த வேலைக்கு இரண்டு கொடிகள், அதாவது கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் குறிகள், உண்டு. இந்த இடத்தில் கவனம் வேண்டும்.

கோடு போட்டு சின்ன எஃப் கொடுத்தால், ஃபைலை மறுபடி பரிசோதிக்கும், ஆனால் ஏற்கெனவே எழுதியிருக்கும் வகையைத் தொடாது. கோடு போட்டுப் பெரிய எஃப் கொடுத்தால்தான் பழைய வகையை அழித்து உள்ளடக்கத்தைப் பார்த்துப் புதிதாக எழுதும். 'மைம்செட் ஓட்டினேன், ஒன்றும் மாறவில்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த எஃப் என்றுதான்.

நான் செய்வது இப்படி: இறக்கியதில் ஜிப் மாதிரியான கட்டுகளை மட்டும் தனி ஃபோல்டருக்கு நகர்த்துவேன். டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குப் போய், மைம்செட், இடைவெளி, கோடு, பெரிய எஃப், இடைவெளி, நட்சத்திரம், புள்ளி, ஜிப். என்டர். அந்த ஃபோல்டரில் ஜிப் என்று முடியும் எல்லாவற்றையும் உள்ளே பார்த்து வகையை எழுதிவிடும். உண்மையில் எச்டிஎம்எல்லாக இருப்பது எச்டிஎம்எல் என்றே பதிவாகும். சேம் ஆஸ் கொண்டு மொத்தமாக மாற்றுவதைவிட இது பாதுகாப்பு. அது காட்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும். இது ஒவ்வொன்றையும் பார்த்து எழுதும்.

ஆனால் இதே கட்டளையை உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் மைம்செட் அதன் உள்ஃபோல்டர்கள் எல்லாவற்றிலும் புகுந்துவிடும். ஹைக்கூவில் ஒருவரின் தொடர்பு விவரம் என்பது பீப்பிள் புரோகிராம் உண்டாக்கும் ஒரு தனி ஃபைல். படம் சேர்க்காதவரை அதன் உள்ளே ஒரு பைட்டும் இருக்காது. பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாமே பண்புகளில்தான். ஒன்றுமில்லாத உள்ளடக்கத்தைப் பார்த்து மைம்செட் என்ன வகை சொல்ல முடியும்? 'இது ஒரு நபர்' என்ற அடையாளம் அழிந்து, பொதுவான ஃபைலாகிவிடும் ஆபத்து இருக்கிறது. வெப்பாசிட்டிவின் புக்மார்க்குகளும் இதே மாதிரி பண்புகளிலேயே வாழ்பவை.

இன்னொன்று: பி, கே என்று தொடங்குவதெல்லாம் நாம் நினைக்கும் ஜிப் இல்லை. டாக்எக்ஸ், ஓடிடி, ஈபப், ஜார் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். ஓடிடியும் ஈபப்பும் தங்கள் வகையைத் தொடக்கத்திலேயே சுருக்காமல் எழுதி வைப்பதால் அவற்றை அடையாளம் காண வழி உண்டு. டாக்எக்ஸில் அப்படி உறுதி கிடையாது. நட்சத்திரத்தோடு ஜிப் என்ற வாலையும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். வெறும் நட்சத்திரம் வேண்டாம்.

அந்நியப் பெயரையும் கணினிக்கு அறிமுகப்படுத்த

ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருக்காமல், எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்ட் என்று வந்தாலும் எக்ஸ்பாண்டரே திறக்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிடலாம். டெஸ்க்பார் இலை மெனு, ப்ரிஃபரன்சஸ், ஃபைல்டைப்ஸ். இடப்பக்கப் பட்டியலில் அப்ளிகேஷன் என்ற குழுவை விரியுங்கள். முதலில் ஜிப்புக்கு உங்கள் கணினியில் என்னென்ன பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று பாருங்கள். வேண்டிய பெயர் இல்லையென்றால் ஆட் பொத்தானை அழுத்தி, குழு அப்ளிகேஷன், உட்பெயர் எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்ட் என்று கொடுத்துச் சேருங்கள். சேர்ந்ததும் வலப்பக்கத்தில் விருப்ப புரோகிராம் என்ற இடத்தில் எக்ஸ்பாண்டரைத் தேர்ந்தெடுங்கள். ஐகான் பெட்டியில், அப்ளிகேஷன்/ஜிப்பின் ஐகானையே இழுத்து வந்து போட்டால் பார்க்கவும் ஒன்றுபோல இருக்கும்.

ஃபைல் வால்கள் பெட்டியில் ஜிப் என்று சேர்க்காதீர்கள். அது ஏற்கெனவே அப்ளிகேஷன்/ஜிப்புக்கு இருக்கிறது. ஒரே வாலுக்கு இரண்டு வகை உரிமை கொண்டாடினால், வாலை வைத்து ஊகிக்கும் நேரத்தில் எது வெல்லும் என்று நிச்சயமில்லை. நாம் ஒழிக்கப் பார்க்கும் குழப்பத்தை நாமே உள்ளே அழைத்து வந்ததாகிவிடும்.

ஃபைல்டைப்ஸின் செட்டிங்ஸ் மெனுவில், அடையாள விதிகளைக் காட்டு என்று ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கினால் எந்தப் பைட்டுகளை வைத்து ஒவ்வொரு வகையும் கண்டுபிடிக்கப்படுகிறது என்று தெரியும். படித்துப் பாருங்கள், நன்றாக இருக்கும். தெளிவாகத் தெரியாமல் மாற்ற வேண்டாம். நீங்கள் செய்யும் மாற்றங்கள் உங்கள் ஹோமின் கான்ஃபிக், செட்டிங்ஸுக்குள் மைம்_டிபி என்ற ஃபோல்டரில் சேமிக்கப்படும். கணினியோடு வந்த பட்டியல் தனியே பத்திரமாக இருக்கும்.

டார்-ஜிஇசட், எச்பிகேஜி, பென்டிரைவ்

டார்-ஜிஇசட்டில் இரண்டு அடுக்கு. உள்ளே டார், வெளியே ஜிஇசட். உள்ளடக்கத்தைப் பார்த்து வகை சொல்பவருக்கு வெளி அடுக்கு மட்டுமே தெரியும் என்பதால் ஜிஜிப் என்றுதான் எழுதும். அது தவறில்லை. உள்ளே டார் இருக்கிறது என்பதை எக்ஸ்பாண்டர் தெரிந்துகொள்வது டார், ஜிஇசட் என்ற இரட்டை வாலைப் பார்த்து. அதனால் இங்கே வால் முக்கியம். சில தளங்கள் வெறும் 'டவுன்லோட்' என்ற பெயரிலேயே ஃபைலைக் கொடுக்கும். வகையைச் சரிசெய்தும் ஓர் அடுக்கு மட்டுமே பிரிகிறது என்றால் பெயரின் கடைசியில் முழு வாலையும் சேருங்கள்.

சில நேரம் டார்-ஜிஇசட் என்று பெயர் இருந்தும் ஜிஇசட் இல்லை என்று பிழை வரும். டிஸ்க்ப்ரோபில் பார்த்தால் 1எஃப் 8பி இருக்காது, யூஸ்டார் இருக்கும். சர்வர் அந்த ஜிஇசட்டை 'வழியில் சுருக்கியது' என்று தவறாகச் சொல்லியிருக்கிறது, பிரவுசர் அதை நம்பி இறக்கும்போதே விரித்துவிட்டது. பெயரிலிருந்து ஜிஇசட்டை நீக்கிவிட்டு மைம்செட் ஓட்டினால் முடிந்தது.

எச்பிகேஜி, அதாவது ஹைக்கூவின் சொந்தப் பேக்கேஜ், வகை தவறாக வந்தால் டபுள் கிளிக்கில், பேக்கேஜ்களை நிறுவும் ஹைக்கூடிப்போ திறக்காது. ஆனால் அதை ஹோமின் கான்ஃபிக், பேக்கேஜஸ் ஃபோல்டரில் போட்டால் அப்படியே செயல்படத் தொடங்கிவிடும். அங்கே பெயரின் வாலைத்தான் பார்க்கிறார்கள். வால் சரியாக இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஃப்ஏடி முறையில் இருக்கும் பென்டிரைவில் பண்புகளை எழுதி வைக்க இடமே இல்லை. அங்கே காட்டப்படும் வகை வாலை வைத்துச் சொல்வது. 'பென்டிரைவில் போட்டு எடுத்தேன், தானாகச் சரியாகிவிட்டது' என்று சிலர் சொல்வதன் ரகசியம் இதுதான். அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வகையோடு சேர்த்து மற்ற பண்புகளும் போய்விடும். பண்புகளோடு எதையாவது வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் ஹைக்கூவிலேயே ஜிப்பாகக் கட்டுங்கள். வலது கிளிக், ஆட்-ஆன்ஸ், ஜிப்-ஓ-மேட்டிக். ஹைக்கூவின் ஜிப்பும் அன்ஜிப்பும் பண்புகளையும் உள்ளே வைத்துக் கட்டும், பிரிக்கும்போது திரும்பக் கொடுக்கும். டார் அதைச் செய்யாது. பீஓஎஸ் காலத்திலிருந்தே இந்த ஊரில் எல்லோரும் ஜிப்பையே விரும்புவதற்குக் காரணம் இது.

கண்காணித்துக்கொண்டே இருக்க

டிராக்கரின் ஃபைண்டில், பெயர் ஜிப் என்று முடிபவை என்று ஒரு தேடல் போட்டு, பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். தற்காலிகத் தேடலாக விட்டால் 7 நாளில் தானாக நீங்கிவிடும். இந்த விண்டோவிலும் கைண்ட் நெடுவரிசையை வைத்து அடுக்கிக்கொள்ளுங்கள். ஹைக்கூவின் தேடல்கள் உயிரோட்டமானவை. விண்டோவைத் திறந்தே வைத்திருந்தால், எந்த ஃபோல்டரில் புதிய ஜிப் இறங்கினாலும் அந்த நொடியே பட்டியலில் வந்து நிற்கும். கூட்டத்தோடு சேராத வகை எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்களே ஃபைல்களைத் தளத்தில் ஏற்றுபவராக இருந்தால் உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. கர்ல், கோடு, பெரிய ஐ, அப்புறம் உங்கள் ஃபைலின் முகவரி. வரும் பதிலில் கன்டென்ட்-டைப் வரியைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரோடு வரும் வகைப் பட்டியலில் ஜிப், 7இசட், ரார் உண்டு. ஜிஇசட் இல்லை, அதனால் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று போகும். ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். அப்பாச்சி என்ற சர்வரில் அதற்கு ஆட்டைப் வரி. அங்கேயே ஜிஇசட்டுக்கு ஆட்என்கோடிங் என்று வரி இருந்தால் அதை நீக்குங்கள். முன்னே சொன்ன, வழியிலேயே விரிந்துபோகும் டார்-ஜிஇசட்டுகள் பெரும்பாலும் அந்த ஒரு வரியால் வருபவை.